அழுங்கு வீட்டு விருந்தாளிகள்

மலைச்சரிவில் ஓர் அழுங்கு வாழ்ந்து வந்தது. எறும்புதின்னி என்று சொல்வார்களே, உடம்பெல்லாம் செதில் போர்த்திய அந்தப் பிராணிதான். அதன் பெயர் சிலம்பாயி. அது நடந்தால் செதில்கள் உரசிச் சிலம்பு மாதிரிச் சத்தம் கேட்கும். அதனால் அந்தப் பெயர்.

சிலம்பாயிக்கு இரண்டு வளைகள் இருந்தன. சின்ன வளையில் அது படுத்துக்கொள்ளும். பக்கத்திலேயே தோண்டிய பெரிய வளை சும்மா கிடந்தது.

அந்த வருஷம் கோடை கொடுமையாக இருந்தது. காட்டுக் குட்டைகள் எல்லாம் வற்றிப்போயின. மலைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர் மிச்சம். காட்டுப் பிராணிகள் எல்லாம் அங்கே நடக்கத் தொடங்கின. ஒரே மூச்சில் போய்ச் சேர முடியாத தூரம் அது. நடுவழியில் எங்காவது தங்கித்தான் ஆக வேண்டும். நடுவழியில் இருந்தது சிலம்பாயியின் பெரிய வளை.

"தங்கிக்கொள்ளுங்கள். வரும் வழியில் எறும்புப் புற்று எங்கே பார்த்தீர்கள் என்று எனக்குச் சொன்னால் போதும்" என்றது சிலம்பாயி.

அதற்குக் கண் பார்வை மட்டம். மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டே போய்த்தான் புற்றைத் தேட வேண்டும். இடத்தை யாராவது சொல்லிவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வருகிறவர்களிடம் அது இன்னொன்றும் சொல்லும். "உள்ளே அசிங்கம் பண்ணாதீர்கள். சுவரைப் பறிக்காதீர்கள். பகலில் சத்தம் போடாதீர்கள். நான் விடிகிற வரைக்கும் இரை தேடிவிட்டுப் பகலில்தான் கண்ணை மூடுவேன்."

முதலில் வந்தவர்கள் எல்லாம் நல்லவர்களாக இருந்தார்கள். ஓர் ஆமை, போகும்போது உள்ளே கிடந்த சருகைக்கூட வாயால் கவ்வி வெளியே போட்டுவிட்டுப் போனது.

சுனைக்கரையில் ஓர் அத்திமரம். அதில் ஒரு மைனா. தண்ணீர் குடிக்க வருகிறவர்களிடம் எல்லாம், "எங்கே தங்கினீர்கள்? இடம் எப்படி?" என்று கேட்கும். கேட்டதைக் காடு முழுக்கச் சொல்லும். "அழுங்கு வளை போல உண்டா! என்ன குளிர்ச்சி! என்ன சுத்தம்!" என்று அது ஒரு நாள் பாடியது. அதைக் கேட்டதும் சிலம்பாயிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூடவே ஒரு பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. நாளைக்கே மைனா வேறு மாதிரிச் சொல்லிவிட்டால்?

ஒரு நாள் ஒரு கீரி வந்து தங்கியது. அதன் வயிற்றில் குட்டிகள் இருந்தன.

"அக்கா, இன்னும் கொஞ்ச நாளில் எனக்குப் பிரசவம். எங்கள் பக்கம் புதரெல்லாம் கருகிக் கிடக்கிறது. தலைக்கு மேலே எப்போது பார்த்தாலும் பருந்து. இங்கே வந்து குட்டி போடட்டுமா?" என்று கேட்டது.

"இதைக் கேட்க வேண்டுமா? பெரிய வளை உனக்குத்தான். எப்போது வேண்டுமானாலும் வா!" என்றது சிலம்பாயி.

கீரி நிம்மதியாகப் போனது.

அதற்குப் பிறகு வந்ததுதான் மரநாய்.

"அக்கா! சுனைக்கரை முழுக்க உங்கள் வளையைப் பற்றித்தான் பேச்சு! நானும் என் வீட்டுக்காரியும், இரண்டே பேர். ஒரு பொழுது தலை சாய்த்துவிட்டுப் போய்விடுவோம். நாங்கள் இருக்கிற இடமே தெரியாது!" என்றது மரநாய்.

சிலம்பாயி சரி என்று சொல்லிவிட்டு இரை தேடப் போனது.

விடியும் நேரத்தில் களைத்துப் போய்த் திரும்பி வந்தால், பெரிய வளையிலிருந்து ஒரே கும்மாளம்! எட்டிப் பார்த்தது. உள்ளே மரநாய்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கோ பனைமரத்தில் கட்டியிருந்த கலயத்தைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு வந்திருந்தன. கள் வாடை மூக்கைத் துளைத்தது. வழியெல்லாம் சப்பிப் போட்ட பனங்கொட்டைகள்.

"தம்பி, இரண்டு பேர் என்றுதானே சொன்னாய்?"

"அக்கா, இவன் என் மச்சான். இவர்கள் மச்சானுடைய கூட்டாளிகள். வழியில் பார்த்துவிட்டு 'வா' என்று கூப்பிடாமல் வர முடியுமா? நீங்களே சொல்லுங்கள்!"

'கூடாது' என்ற சொல் சிலம்பாயியின் தொண்டை வரைக்கும் வந்தது. 'ஒரு பகல்தானே, போகட்டும்' என்று அது அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது.

உச்சி வெயில் நேரத்தில் பாட்டு ஆரம்பித்தது. சிலம்பாயி எழுந்து போய், "தம்பிகளா, கொஞ்சம் மெதுவாகப் பாடக் கூடாதா?" என்று கேட்டது.

"மெதுவாகப் பாடினால் அதற்குப் பெயர் பாட்டு இல்லை அக்கா, முனகல்!" என்றது மச்சான். எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன.

பொழுது சாய்ந்தது. அவை கிளம்பவில்லை. கேட்டால், கால் வலி என்றன. மறுநாள் கேட்டால், வெயில் தாழட்டும் என்றன. வெயில் தாழ்ந்ததும் கள் குடிக்கப் போயின. திரும்ப வந்து படுத்துக்கொண்டன. ஒன்றுகூட எறும்புப் புற்றைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

சிலம்பாயி தினமும் காலையில் வந்து கொட்டைகளை வாலால் கூட்டித் தள்ளும். அவை பேண்டு வைத்ததை மண் போட்டு மூடும். அப்புறம் படுக்கும். தூக்கம் பிடிப்பதற்குள் பாட்டு தொடங்கிவிடும். சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு இரைக்குப் போகும். பல நாள் புற்று அகப்படாமல் வெறும் வயிற்றோடு திரும்பும். செதில்களுக்கு உள்ளே உடம்பு வற்றிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் நடுப்பகலில் படுக்கைமேல் மண் சரிந்தது. கண்ணைத் திறந்தால் சுவரில் பெரிய ஓட்டை! அதன் வழியாக மரநாய் தலையை நீட்டியது.

"புழுக்கமாக இருந்தது அக்கா. ஒரு ஜன்னல் வைத்தோம். உங்களுக்கும் நல்ல காற்று வரும்!"

அந்த ஜன்னல் வழியாகப் பனங்கொட்டை ஒன்று உருண்டு வந்து சிலம்பாயியின் மூக்கில் மோதியது.

"நான் சுவரைப் பறிக்க வேண்டாம் என்று சொன்னேனே!"

"கோபப்படாதீர்கள் அக்கா. நாங்களே மனக்கஷ்டத்தில் இருக்கிறோம். நாங்கள் படுக்கிற பெரிய வளை ஒரே நாற்றம்."

"அதை நாற அடித்தது யார்?"

"அதை விடுங்கள்! விருந்தாளியை நாற்றத்தில் படுக்க வைக்கலாமா? உங்கள் சின்ன வளையையும் எங்களுக்கு விடுங்கள். நாளைக்கு மைனா எங்களைக் கேட்கும். 'அழுங்கு வளையில் நாற்றம், புழுக்கம், முகம் கொடுத்துப் பேச ஆள் இல்லை' என்று சொல்ல எங்களுக்கு மனசு வருமா?"

மைனா என்ற பேச்சு வந்ததுமே சிலம்பாயி அடங்கிவிட்டது. சின்ன வளையை விட்டு வெளியே வந்தது. சற்றுத் தள்ளி இருந்த புங்கமரத்தின் வேரிடுக்கில் போய்ச் சுருண்டுகொண்டது. தன் வீடு கண்ணெதிரே இருக்க, வேரில் படுத்தது. அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை.

அப்படிச் சில நாட்கள் போயின.

ஒரு மத்தியானம், வெயிலில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு கீரி வந்தது. மூச்சு வாங்கியது. நேரே பெரிய வளைக்குப் போனது. வாசலில் மரநாய் மல்லாந்து கிடந்தது.

"இடம் இல்லை! போ, போ!"

"அழுங்கு அக்கா எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். எனக்கு வலி எடுத்துவிட்டது."

"எந்த அழுங்கு? இது எங்கள் வளை! வேறு எங்காவது போய்ப் பெற்றுக்கொள்!"

வேரிடுக்கில் கிடந்த சிலம்பாயிக்கு இது காதில் விழுந்தது. 'எந்த அழுங்கு?' என்ற சொல் அதைச் சுட்டது. கீரி திரும்பி வெயிலில் நடக்கத் தொடங்கியது அதைவிட அதிகமாகச் சுட்டது.

சிலம்பாயி ஓடிப்போய்க் கீரியை மறித்தது. "இங்கே வா அம்மா. இப்போதைக்கு இந்த வேருக்குள் படு. இதோ வந்துவிடுகிறேன்" என்று அதை உள்ளே படுக்க வைத்தது.

பிறகு வளை வாசலுக்குப் போய் நின்றது.

"வெளியே போங்கள்! எல்லாரும், இப்போதே!"

அதன் குரல் அதற்கே புதிதாக இருந்தது. மரநாய்கள் ஒரு கணம் திகைத்தன. பிறகு சிரித்தன.

"போகவில்லை என்றால் என்ன செய்வீர்கள் அக்கா? உங்களுக்குக் கடிக்கப் பல்கூடக் கிடையாதே!"

உண்மைதான். அழுங்குக்குப் பல் கிடையாது. சிலம்பாயி திரும்பி நடந்தது. சரிவுக்குக் கீழே, கசக்கும் என்று அது வாய் வைக்காத ஒரு கட்டெறும்புப் புற்று இருந்தது. அதைக் கீறிவிட்டு, செதில்களை எல்லாம் சிலிர்த்துத் திறந்துகொண்டு அதன்மேல் படுத்தது. எறும்புகள் கோபத்தோடு செதில் செதிலாகப் புகுந்தன. எறும்பு கடித்தால் அழுங்கு பொறுத்துக்கொள்ளும். உடம்பு நிறைய எறும்பு ஏறியதும் செதில்களை இறுக மூடிக்கொண்டு மேலே வந்தது. நேரே பெரிய வளைக்குள் நுழைந்து, நட்டநடுவில் படுத்தது.

"என்ன அக்கா, எங்களோடு பாட வந்தீர்களா?" என்றது மச்சான்.

"தூங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிலம்பாயி செதில்களை விரித்தது.

"ஐயோ! அம்மா! காது! என் காது!"

ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு மரநாய்கள் வெளியே பாய்ந்தன. சில ஜன்னல் வழியாகச் சின்ன வளைக்குள் விழுந்து, அங்கிருந்தும் ஓடின. "உன்னைச் சும்மா விடமாட்டோம்! மைனாவிடம் சொல்கிறோம் பார்!" என்று கத்தியது மரநாய். அந்தச் சத்தமும் மலைக்கு அப்பால் போய்த் தேய்ந்தது.

வளை காலியாகிவிட்டது. ஆனால் அதில் யார் படுக்க முடியும்? தரையெல்லாம் எறும்பு. நாற்றம். சுவர் சரிந்து கிடந்தது. பிள்ளை பெறப்போகிறவளை அதற்குள் எப்படிக் கூப்பிடுவது?

சிலம்பாயி பக்கத்தில் வற்றிக் கிடந்த ஓர் ஓடையின் மணலில் புரண்டு, மிச்ச எறும்புகளை உதிர்த்துவிட்டு வேரிடுக்குக்குத் திரும்பியது. கீரி வலியில் நெளிந்துகொண்டிருந்தது. வேரிடுக்கின் வாய் அகலமாகத் திறந்து கிடந்தது. மேலே ஒரு நிழல் வட்டம் போட்டது. பருந்து!

சிலம்பாயி அந்த வாயில் போய்ப் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொண்டது. பருந்து இறங்கியது. நகங்கள் செதிலில் கிரீச்சிட்டன. ஒரு முறை, இன்னொரு முறை. சிலம்பாயி அசையவில்லை. அசைவதற்குத் தெம்பும் இல்லை. பருந்து சலித்துப்போய்ப் பறந்துவிட்டது.

வெயில் இறங்கும் நேரத்தில் முதுகுக்குப் பின்னால் சன்னமான கீச்சுச் சத்தம் கேட்டது. குட்டிகள்!

"உனக்கு நல்ல வளையைத் தருகிறேன் என்றேன். கடைசியில் வேருக்குள் பெற வைத்துவிட்டேனே அம்மா" என்று வருந்தியது சிலம்பாயி.

கீரி குட்டிகளை நக்கிக்கொண்டே கேட்டது: "அந்தக் காலிகளை ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் அக்கா?"

"மைனா என்ன சொல்லுமோ என்று பயம்."

"மைனாவா வந்து வேரில் படுத்தது? நீங்கள்தானே படுத்தீர்கள்!"



அன்று முதல் சிலம்பாயி, பழைய வளைகள் இருந்த மேட்டின் மறுபக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புது வளை தோண்டியது. முன்பு போல வேகம் இல்லை. கொஞ்சம் தோண்டும், உட்கார்ந்து மூச்சு வாங்கும், மறுபடி தோண்டும். முடிந்ததும் கீரியையும் குட்டிகளையும் உள்ளே கொண்டுபோய் வைத்தது.

மைனா பறந்து வந்தது. "சிலம்பாயி! மரநாய்கள் காது வீங்கி வந்து நிற்கின்றன! நீ விருந்தாளிகள்மேல் எறும்பை விட்டாயாமே! மெய்தானா?"

"மெய்தான். சுவரைப் பறித்தார்கள், பகலெல்லாம் கத்தினார்கள், பிள்ளைத்தாய்ச்சியை விரட்டினார்கள். எறும்பை விட்டேன்."

"சுனைக்கரையில் சொல்லட்டுமா?"

"சொல். நன்றாகச் சத்தமாகச் சொல்!"

மைனா சொன்னது. காடே கேட்டது. அதற்குப் பிறகு கூத்தடிக்க இடம் தேடும் கூட்டங்கள் அந்த மேட்டைப் பார்த்ததும் ஒதுங்கிப் போயின. குட்டிகள் வளர்ந்து கீரி கிளம்பிப் போன பிறகு, தூக்கம் வேண்டியவர்கள் மட்டும் புது வளைக்கு வந்தார்கள். வாசலில் கால் மண்ணைத் தட்டிவிட்டு நுழைந்தார்கள். சில நாள் வளை சும்மாவும் கிடந்தது. அந்த நாட்களில் சிலம்பாயி கூடுதலாகத் தூங்கியது.

ஒரு சாயங்காலம் ஒரு நரி வந்தது. "நாங்கள் நாலு பேர்தான். ஒரு பொழுது தங்குவோம். பின்னால் வருகிற சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றுகொள்வார்கள்!" என்று இளித்தது.

சிலம்பாயி அதன் முகத்தை ஒரு தடவை பார்த்தது.

"இல்லை தம்பி. இடம் கிடையாது" என்றது.

 நரி தன் வழியே போய்விட்டது. அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்துக்கொண்டே சிலம்பாயி உள்ளே போய்ப் படுத்தது.

நல்ல பெயர் கெட்டுவிடுமோ என்று அஞ்சி முதல் நாளே சொல்ல வேண்டிய 'கூடாது' என்ற சொல்லை விழுங்குகிறவர்கள், தங்கள் வீட்டையும் இழப்பார்கள், தங்களை நம்பி வந்தவர்களையும் வெயிலில் நிறுத்துவார்கள்.