எந்தப் பக்கத்து ரத்தம்?

"இது எங்க பக்கத்துல இருந்து வந்ததா, அவ பக்கத்துல இருந்தா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டரம்மா."

வைகுண்டராஜன் கணக்கு வாத்தியார். எந்தக் கேள்விக்கும் ஒரே விடைதான் என்று இருபது வருஷம் போர்டில் எழுதின மனுஷர். சும்மா இருப்பாரா?

மகள் அபிதாவுக்கு ஆறு வயசு. ஆட்டிசம் என்று டாக்டர் ஜெபசீலி சொன்ன அன்றைக்கே இவருடைய அக்கா வந்து இறங்கிவிட்டாள். நம்ம வம்சத்தில் இப்படி ஒன்று கிடையாது, உன் பெண்டாட்டி பக்கம் என்று வந்தால் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடு என்றாள். அன்றிலிருந்து வாத்தியாருக்கு மனைவி கோமதியோடு பேச்சு வார்த்தை இல்லை.

இன்றைக்கும் அவளை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

மரபணு ரிப்போர்ட் வந்திருந்தது. ஒட்டின கவர் மேஜையில் கிடந்தது. ஜெபசீலி அதைத் தொடவில்லை. முதலில் மூளை அலையைப் பதிவு செய்துவிடலாம், பிள்ளை தூங்கினால்தான் சரியாக வரும் என்றார்.

அபிதாவின் தலை முழுக்கப் பசையும் ஒயருமாக ஒட்டினார்கள். திரையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். கம்ப்யூட்டரில் கோடுகள் தாறுமாறாகத் துள்ளின. பிள்ளையோ தூங்குவேனா என்றது.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையை மட்டும் நீட்டிக் காற்றில் எதையோ துழாவினாள்.

வாத்தியார் தன் கையைக் கொடுத்தார். தள்ளிவிட்டாள். குனிந்து முகத்தைக் காட்டினார். சின்ன விரல்கள் கன்னத்தில் ஊர்ந்து போய்க் காது மடலைப் பிடித்தன. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தன. இது இல்லை என்று விட்டுவிட்டன.

மறுபடியும் காற்றில் துழாவல்.

ஒரே வீட்டில் ஆறு வருஷம். பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறது என்று இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறார், பாருங்கள்.

ஆனாலும் வாத்தியார் புத்தி போகுமா? மெதுவாகக் கேட்டார்.

"அந்த அலையிலயாவது தெரியுதா டாக்டரம்மா, எந்தப் பக்கம்னு?"

ஜெபசீலி கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அந்தச் சின்னக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கம் தெரியல அண்ணாச்சி. யாரைத் தேடுறான்னு மட்டும் தெரியுது."

வாத்தியார் எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"கோமதி," என்றார். குரல் கம்மிப் போயிருந்தது. "உள்ள வா. பிள்ளைக்கு உன் காது வேணுமாம்."