கீரி தாண்டிப் போன தேன்துளி

ஒரு காட்டில் புலிக்குப் பயப்படாதவர்கள்கூட இருந்தார்கள். பந்தாட்டம் பார்க்க வராதவர்கள் இல்லை.

இரண்டு வேங்கை மரங்களில் கொடியால் வளையம் கட்டியிருக்கும். காய்ந்த சுரைக்குடுக்கைதான் பந்து. அதை எதிராளியின் வளையத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். யானை மிதித்துக் குடுக்கை நசுங்கிவிட்டால், வேறு குடுக்கை வரும்வரை எல்லோரும் உட்கார்ந்து வாயடித்துக்கொண்டிருப்பார்கள்.

வெறும் விளையாட்டுதானே என்று நினைத்துவிடாதீர்கள், பிள்ளைகளே. கோடை வந்தால் அந்தக் காட்டில் ஓடையெல்லாம் வற்றிப்போகும். பெருமடு ஒன்றில்தான் தண்ணீர் நிற்கும். ஆட்டத்தில் ஜெயித்த கூட்டம் அங்கே முதலில் குடிக்கும். தோற்ற கூட்டங்கள் அடுத்துக் குடிக்கும். ஆடாமல் தள்ளிவைக்கப்பட்ட கூட்டம் கடைசி. கடைசியில் போகிறவர்களுக்குச் சேறுதான் மிஞ்சும்.

அதனால் ஜெயிக்க என்ன வேண்டுமானாலும் செய்வார்கள். ஒரு கூட்டத்தில் நல்ல ஆட்டக்காரன் இருந்தால், இன்னொரு கூட்டம் அவனுக்குத் தேனடையை நீட்டும். நாக்கு போன பக்கம் காலும் போகும். பார்த்தார்கள், காடே கூடி ஒரு சட்டம் போட்டது: 'ஆட்டக்காரன் எவனும் பிறர் கையால் இனிப்புத் தின்னக் கூடாது. தின்றால் அவன் கூட்டத்தையே அந்த ஆண்டு தள்ளிவைக்க வேண்டும். யானைக்கும் அதுதான், அணிலுக்கும் அதுதான்.'

சட்டத்தைக் காக்கச் செம்பன் என்ற கீரியை வைத்தார்கள். அவன் கேட்டால் ஆட்டக்காரர்கள் வாயைத் திறந்து காட்ட வேண்டும். அவன் மோந்து பார்ப்பான். நேற்றுத் தின்ற ஈசலைக்கூட இன்றைக்குச் சொல்லிவிடுவான், அப்படிப்பட்ட மூக்கு. யாரிடமும் ஒரு வாய் எதுவும் வாங்கித் தின்ன மாட்டான். 'நான் நேர்மையானவன்' என்பதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ஆண்டு குன்றுக் கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்த நெடுவால் என்ற கருங்குரங்கு, திடீரென்று மடுக்கரைக் கூட்டத்துக்குப் போய்விட்டது. மடுக்கரை யானைகளின் கூட்டம். மத்தகன் என்ற கொம்பன் யானை அதற்குத் தலைவன்.

"சும்மாவா போயிருக்கும்? தேன் கொடுத்திருப்பார்கள்" என்று காடே பேசியது.

செம்பன் விசாரிக்கக் கிளம்பினான்.

"வாருங்கள், வாருங்கள். நடுவர் வந்திருக்கிறார், நிழலில் இடம் விடுங்கள்" என்றான் மத்தகன்.

"உட்கார வரவில்லை. வாயைக் காட்டுங்கள்" என்றான் செம்பன். அவன் நினைத்ததைவிடக் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"தாராளமாக" என்று மத்தகன் வாயைத் திறந்தான். நின்ற இடத்தில் நின்றபடியே திறந்தான். செம்பன் அண்ணாந்து பார்த்தான். தந்தமும் தாடையும் தெரிந்தன. வாசனை எங்கே எட்டும்?

"கொஞ்சம் குனியுங்கள்."

"முட்டி வலி, கீரியாரே. வாயைத் திறக்க வேண்டும் என்றுதானே சட்டம்? குனிய வேண்டும் என்று எங்கேயாவது இருக்கிறதா?"

இல்லைதான். சட்டம் போட்ட அன்றைக்கு யாருக்கும் அது தோன்றவில்லை. செம்பன் யானையின் காலை மோந்து பார்த்தான். சேற்று வாசனை அடித்தது.

"நெடுவால் எங்கே?" என்று கேட்டான்.

"இங்கேதான் இருக்கிறேன்" என்றது குரங்கு. அது மத்தகனின் முதுகுமேல் உட்கார்ந்திருந்தது. வால் மட்டும் கீழே தொங்கியது. "காலில் சுளுக்கு, இறங்க முடியவில்லை. வேண்டுமானால் வாலை மோந்து பாருங்கள்." வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறவன் குரல் அது.

அப்போது மேலேயிருந்து ஒரு துளி விழுந்தது. செம்பனின் மூக்குக்கு முன்னால், ஒரு சருகின்மேல் விழுந்தது. அது என்னவென்று பார்க்கக்கூட வேண்டியதில்லை. மலைத்தேன். எந்தப் பாறையிலிருந்து எடுத்தது என்றுகூடச் செம்பனால் சொல்ல முடியும். அதற்குள் எறும்புகள் வந்துவிட்டன.

மத்தகனும் அந்தத் துளியைப் பார்த்தான். பிறகு செம்பனைப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் பார்த்தான். ஒரு காலை மெல்லத் தூக்கி, செம்பனுக்குப் பக்கத்தில் வைத்தான். தரை அதிர்ந்தது.

செம்பன் ஓரடி பின்வாங்கினான். 'வாயைத்தானே மோந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்? தரையை மோந்து பார்க்கச் சொல்லவில்லையே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். தேன்துளியைத் தாண்டி நடந்தான்.

"மடுக்கரைக் கூட்டத்தார் வாயைத் திறந்து காட்டினார்கள். குற்றம் ஒன்றும் இல்லை" என்று காட்டுக்கு அறிவித்தான்.

காடு சிரித்தது. மடுக்கரையைப் பார்த்துச் சிரிக்க யாருக்குத் தைரியம் இருந்தது? கீரியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

"செம்பனுக்கு ஜலதோஷமாம்."

"மூக்கு இருந்த இடத்தில் இப்போது முகம் மட்டும்தான் இருக்கிறதாம்."

செம்பனுக்குப் பொறுக்கவில்லை. உள்ளே போன வெட்கம் கோபமாகத்தானே வெளியே வரும்? 'என் மூக்கு செத்துவிட்டதா? காட்டுகிறேன் பார்' என்று அவன் நேரே கூழாங்கல் ஓடைக்குப் போனான்.

கூழாங்கல் ஓடைக் கூட்டத்தில் எல்லோரும் சின்ன உயிர்கள். முயல், அணில், ஊசியம்மா என்ற முள்ளம்பன்றி, துள்ளி என்ற சருகுமான். சருகுமான் பெயரில்தான் மான். உயரத்தில் முயலோடு நிற்கும். ஆனால் பந்தை எடுத்துக்கொண்டு யானைக் கால்களுக்கு நடுவில் புகுந்து ஓடினால் துள்ளியைப் பிடிக்க ஆளில்லை. இந்த ஆண்டு அவளால் கூழாங்கல் ஓடை ஜெயித்துவிடும் என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

"வரிசையாக நில்லுங்கள்" என்று அதட்டினான் செம்பன். இங்கே அவன் குரல் கணீரென்று இருந்தது. "வாயைத் திற. நன்றாகத் திற. நாக்கைத் தூக்கு."

முயல் நடுங்கிக்கொண்டே திறந்தது. அணில் கன்னத்தில் அடக்கி வைத்திருந்த கொட்டையைக் கீழே வைத்துவிட்டுத் திறந்தது. இரண்டிடமும் ஒன்றுமில்லை. துள்ளி வாயைத் திறந்தாள். செம்பனின் மீசை துடித்தது.

"இனிப்பு" என்றான்.

"இலுப்பைப்பூ, ஐயா" என்றாள் ஊசியம்மா. அவளுக்கு மறைக்கத் தெரியாது. "நேற்று முழுக்கக் காய்ச்சலாகக் கிடந்தாள். வாயெல்லாம் கசக்கிறது என்றாள். நான்தான் ஒரு பூ பொறுக்கிக் கொடுத்தேன்."

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். தேன் பார்க்காத அந்த ஓடைக்கும் அப்படித்தான்.

"உன் கையாலா கொடுத்தாய்?"

"என் கையால்தான்."

"பிறர் கையால் இனிப்பு. போதும்" என்றான் செம்பன். "கூழாங்கல் ஓடை இந்த ஆண்டு ஆடக் கூடாது. மடுவில் கடைசி முறை."

துள்ளி ஊசியம்மாவைப் பார்த்தாள். தன்னால்தான் எல்லோருக்கும் தண்ணீர் போய்விட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

ஊசியம்மா கேட்டாள். "நாங்கள் தின்றதைத் தின்றோம் என்றோம், ஐயா. சட்டப்படி தண்டித்தீர்கள், சரி. மடுக்கரையில் யானை வாயை மோந்து பார்த்தீர்களா?"

"எட்டவில்லை" என்றான் செம்பன். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. காது மடல் சுட்டது.

"எட்டாதவர்களுக்குச் சட்டம் கிடையாது என்று முன்பே சொல்லியிருந்தால், நாங்கள் உயரமாகப் பிறந்திருப்போமே" என்றாள் ஊசியம்மா.

செம்பன் வந்த வழியே திரும்பிவிட்டான். ஆனால் வழியெல்லாம் அவனைப் புகழ்ந்தார்கள். "கீரி என்றால் கீரிதான். ஒரே ஒரு பூவைக் கண்டுபிடித்துவிட்டானே" என்றார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி; தண்டனை வாங்கியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. செம்பனும் அந்தப் புகழைக் கேட்டுக்கொண்டே நடந்தான். அது அவனுக்குத் தேவையாக இருந்தது.

ஆட்டம் நடந்தது. நெடுவால் தாவித் தாவிப் பந்தைப் போட்டது. மடுக்கரை ஜெயித்தது.

கோடையும் வந்தது. ஓடைகளில் கல் மட்டும் கிடந்தது. பெருமடுவில் காடு முழுக்க வரிசையில் நின்றது. வரிசையை ஒழுங்குபடுத்துவதும் செம்பனின் வேலைதான். முதல் ஆளாக மடுக்கரை யானைகள் இறங்கின. குடித்தார்கள், சரி. குளித்தார்கள். புரண்டார்கள். ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டார்கள். வெகுதூரத்தில், வரிசையின் வாலில், கூழாங்கல் ஓடைக் கூட்டம் வெயிலில் நின்றது.

கரையில் உட்கார்ந்திருந்த நெடுவால் செம்பனைக் கூப்பிட்டது.

"கீரியாரே, இந்தாருங்கள்." ஒரு தேக்கிலையில் தேனடைத் துண்டு இருந்தது. "உங்கள் பங்கு. எடுத்து வைத்திருந்தோம்."

"எனக்கு எதற்குப் பங்கு?" என்றான் செம்பன். "நான் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை."

"அட, நமக்குள் என்ன?" என்றான் மத்தகன், தண்ணீரில் படுத்தபடி. "அன்றைக்குத் துளி விழுந்தது. நீங்கள் பார்த்தும் பார்க்காமல் தாண்டினீர்கள். நல்லவர் என்று அப்போதே எங்களுக்குத் தெரிந்துபோயிற்று. நீங்கள் நம்மவர்."

யானைகள் சிரித்தன. கேலிச் சிரிப்புகூட இல்லை, சொந்தக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

செம்பனுக்கு உடம்பு கூசியது. லஞ்சம் வாங்காதவன் என்றுதானே இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டிருந்தான்? வாங்குகிறவனாவது ஒரு விலை சொல்லியிருப்பான். தான் ஒன்றுமே வாங்காமல் சட்டத்தை விற்றுவிட்டோம் என்று அவனுக்கு இப்போது புரிந்தது. எங்கேயாவது ஒரு வளை இருந்தால் புகுந்துவிடலாம் போலிருந்தது.

அவன் ஒரு கல்லின்மேல் ஏறினான்.

"எல்லோரும் கேளுங்கள். மடுக்கரையில் தேன் இருந்தது. என் மூக்குக்கு முன்னால் விழுந்தது. எனக்குத் தெரியும். பயந்துபோய்த் தாண்டிவிட்டேன். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் கூழாங்கல் ஓடையைத் தண்டித்தேன்."

குன்றுக் கூட்டத்தார் தரையைப் பார்த்தார்கள். அன்றைக்குக் கீரியைப் புகழ்ந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"அதெல்லாம் முடிந்துபோன ஆட்டம், கீரியாரே" என்றான் மத்தகன். "முடிந்த ஆட்டத்தைத் திரும்பப் பேசி என்ன பயன்? அடுத்த கூட்டத்தை விடுங்கள். பாவம், தாகமாக இருப்பார்கள்."

அடுத்த கூட்டம் தலையைக் குனிந்துகொண்டே மடுவில் இறங்கியது. அதற்கடுத்த கூட்டமும் இறங்கியது. தாகம் யாரை விட்டது? கீரி சொன்னது நியாயம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் முறையை விட்டுக்கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

செம்பன் கல்லிலிருந்து இறங்கி, வரிசையின் கடைசிவரை நடந்தான். துள்ளியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வேறு எதுவும் தன்னால் ஆகாவிட்டாலும் அதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தான்.

துள்ளி ஊசியம்மாவின் நிழலில் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள். வந்தது கீரி என்று கண்டதும் தட்டுத்தடுமாறி எழுந்து நின்றாள். எழுந்தவள், அவன் கேட்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிட்டாள்.

நாக்கு வறண்டு வெடித்திருந்தது. அந்த வாயில் இனிப்பு வாசனை இல்லை. தண்ணீர் பட்ட வாசனைகூட இல்லை.

"மூடிக்கொள், அம்மா" என்றான் செம்பன். "நான் அதற்கு வரவில்லை."

அவள் மூடவில்லை. நாக்கையும் தூக்கிக் காட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. இந்த முறை பூகூடத் தின்னவில்லை. அடுத்த ஆண்டும் எங்களைத் தள்ளிவைத்துவிடாதீர்கள்."

மன்னிப்புக் கேட்க வந்த செம்பன் தலை கவிழ்ந்து அவள் முன்னால் நின்றான்.

நீதி: வலியவனிடம் வளைந்துவிட்டு எளியவனிடம் நிமிர்ந்து நிற்கும் சட்டம், சட்டமல்ல, அது காப்பவனின் கோழைத்தனம்.