மை பூசாத ஏடுகள்

முன்னொரு காலத்தில், நூல் என்றால் பனையோலைக் கட்டு என்றிருந்த நாளில், வீரகேது என்ற அரசனுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. மனிதர்கள் ஏன் நூல் எழுதுகிறார்கள்?

அவைப்புலவர் சிகண்டியார் எழுந்தார். அரசனைச் சிரிக்கவைக்கும் விகடன் தத்தன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

“மன்னா, இதைத் தத்தனே நூலாக எழுதட்டும். வாயால் பிழைப்பவன் எழுத்தாணியும் பிடித்துப் பார்க்கட்டுமே. நூலில் குற்றம் இருந்தால் நாட்டைவிட்டுப் போகட்டும்.”

“அப்படியே ஆகட்டும். எழுது, தத்தா!” என்றான் அரசன்.

தத்தன் எழுதினான். பேசக் கூசாதவனுக்கு எழுதக் கூசியது. ஒவ்வொரு ஏட்டையும் முடித்தவுடன் கவிழ்த்து வைத்தான். கடைசி வேலை ஒன்று மிச்சம் இருந்தது. எழுத்தாணி ஓலையைக் கீற மட்டுமே செய்யும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, அந்த மையைத் தேய்த்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். தத்தன் ஒரு கிண்ணத்தில் கரியைக் குழைத்தான். தேய்க்கக் கை வரவில்லை. அப்படியே கட்டி அரசனிடம் கொடுத்துவிட்டான். அங்கிருந்து கட்டு புலவரிடம் போனது.

அவை கூடியது.

“படித்தேன், தத்தா. அருமை! இரவெல்லாம் கீழே வைக்கவில்லை, போ!” என்றான் அரசன்.

“அடியேனும் படித்தேன்,” என்றார் சிகண்டியார். “சொல்லவே நாக் கூசுகிறது. இரண்டாம் ஏட்டில் தளை தட்டுகிறது. ஐந்தாம் ஏடு எங்கோ திருடியது. முடிவோ சப்பென்று இருக்கிறது. மன்னர் பெருந்தன்மையால் பொறுத்தார்.”

“மூட்டையைக் கட்டு, தத்தா!” என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்.

தத்தன் தலைகுனிந்து நின்றான். “புலவர் பெருமானே, அந்த இரண்டாம் ஏட்டை வாசித்துக் காட்டுங்கள். என் பிழையை நானும் கேட்கிறேன்.”

சிகண்டியார் கட்டை அவிழ்த்தார். ஓர் ஏட்டைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.

“இது வெற்று ஓலை!”

“வெற்று ஓலையிலா ஐயா தளை தட்டியது?”

அவை வெடித்துச் சிரித்தது. அரசன் மட்டும் சிரிக்கவில்லை. அவனும் ‘அருமை’ என்று புகழ்ந்தது அதே ஓலையைத்தான். அவன் முகத்தைப் பார்த்த தத்தனுக்குத் தன் வெற்றியே கூசியது.

“எழுது என்றீர்கள், எழுதினேன். மை பூசச் சொல்லவில்லை, அரசே. எனக்கும் வெட்கம். பிரித்துப் பார்ப்பவர் ‘எழுத்து எங்கே?’ என்று கேட்டால் பூசித் தரலாம் என்று கிண்ணத்தோடு காத்திருந்தேன்.”

“யாரும் கேட்கவில்லை,” என்றான் அரசன், தரையைப் பார்த்தபடி. “நானும் கேட்கவில்லை.”

அவன் கிண்ணத்தை வாங்கித் தன் விரலாலேயே தேய்த்தான். கீறல்கள் கறுத்து வரிகளாயின. அவை காத்திருக்க, ஏடு ஏடாகப் படித்தான். கடைசி ஏட்டை உரக்கப் படித்தான்:

“மற்றவர்கள் ஏன் எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதியது, நேரில் சொன்னால் எல்லோரும் சிரித்துவிடுவார்கள் என்பதால்.”

யாரும் சிரிக்கவில்லை. அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கன்னமெல்லாம் மை. சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை.

“அரசே, முகத்தில் நூல் ஏறிவிட்டது,” என்றான் தத்தன்.

அரசன் தன் விரல்களைப் பார்த்தான். பிறகு சிரித்தான். அந்த நூலை முழுவதும் படிப்பதே சிகண்டியாருக்குத் தண்டனை என்று தீர்ப்புச் சொன்னான்.

“உனக்கு என்ன பரிசு வேண்டும், தத்தா?”

தத்தன் தயங்கினான். “இன்னொன்று எழுதினால் படிப்பீர்களா?”

அரசன் கறுத்த கையை நீட்டினான். “கிண்ணத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போ.”