பில்டரில் இருந்த சின்ன வால்வு

கொடைக்கானல் மலையில், பஸ் திரும்புகிற கடைசி ஊருக்கும் மேலே, நாச்சியம்மை என்கிற துறவி ஒரு சின்ன ஆசிரமம் நடத்தி வந்தார். கூடவே ஒரு மாட்டுப் பண்ணை. சாணி அள்ளுவதற்கு ஒரு குட்டி டிராக்டர், முன்னால் லோடர் பக்கெட் மாட்டியது. அதைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சீடர் பொன்னுரங்கம்.

பொன்னுரங்கம் குருவைவிட வயதில் மூத்தவர். மதுரையில் லாரிப் பட்டறை வைத்திருந்தார். மனைவி இறந்த பிறகு பட்டறையை மூடிவிட்டு மலையேறி வந்துவிட்டார். எதிலும் கறார். சாம்பாரில் உப்பு குறைந்தால் சமைத்தவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கிற ரகம். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலை, கலங்கிய முகத்தோடு குருவின் முன்னால் வந்து நின்றார்.

"அம்மா, என் பையன் தனபால் போன் பண்ணினான். திங்கக்கிழமை காலைல வர்றானாம். எங்கூடக் கொஞ்ச நாள் இருக்கணுமாம்."

"நல்லதுதானே அண்ணே."

"அவங்கம்மா சாவுக்கு வராதவன்மா அவன். சொல்லி அனுப்பினோம், வரல. பெத்த பிள்ளை உசுரோட இருக்க, நான் கொள்ளி வச்சேன்."

தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏன் வரலைன்னு கேப்பேன். ஒழுங்கா பதில் சொன்னாத்தான் கேட்டைத் திறப்பேன். நான் செய்யறது சரிதானேம்மா?"

நாச்சியம்மை கொட்டில் பக்கம் பார்த்தார்.

"நேத்து சாணி அள்ளறப்ப டிராக்டர் ஏன் அப்படி முனகுச்சு?"

பொன்னுரங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளையைப் பற்றிக் கேட்டால் டிராக்டரைப் பற்றிக் கேட்கிறாரே! ஆனால் பட்டறைக்காரர். வண்டியைப் பற்றி யார் கேட்டாலும் அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

"பக்கெட்டைத் தூக்கற ஹைட்ராலிக் ஆயில் கெட்டுப்போச்சும்மா. இந்த வண்டியில இருக்கறது வெறும் சல்லடைதான். பொடிப்பொடியா இரும்புத்தூள் இருக்கே, அது சல்லடையில நிக்காது. சுத்திச் சுத்தி வந்து பம்பைத் தின்னுது. அதான் பக்கெட் திக்கித் திக்கி ஏறுது."

"என்ன செய்யலாம்?"

"லோடர்ல வேலைய முடிச்சிட்டு எண்ணெய் தொட்டிக்குத் திரும்புது பாருங்க, அந்தக் குழாய்ல ஒரு நல்ல பில்டர் மாட்டலாம்."

"மாட்டுங்க."

"பையன் விஷயம்?"

"மொதல்ல இதை மாட்டுங்க அண்ணே."

பொன்னுரங்கம் மலையிறங்கிப் போய் பில்டரும் அதற்கான தலைப்பகுதியும் வாங்கி வந்தார். அந்தக் குழாயை வெட்டி, இடையில் அதைப் பொருத்தி, கிளிப்பெல்லாம் முறுக்கி, புது எண்ணெய் ஊற்றினார். கை வேலை என்று வந்துவிட்டால் அவருக்குப் பசி தெரியாது. ஞாயிறு சாயங்காலம் குரு வந்து பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"திரும்பி வர்ற எண்ணெய்ல இருக்கிற அழுக்கைத் தான் வச்சுக்கிட்டு, எண்ணெயை உள்ளே விடும்."

கீழே ஒரு சின்ன ஸ்பிரிங் கிடந்தது. குரு குனிந்து அதை எடுத்தார்.

"இது எதுல இருந்தது?"

"பில்டர் தலையில ஒரு சின்ன வால்வு இருந்துச்சும்மா, அதோட ஸ்பிரிங். பில்டர் அடைச்சுக்கிட்டா அந்த வால்வு தானாத் திறந்து, எண்ணெயை அழுக்கோட அப்படியே தொட்டிக்கு விட்டுடும். அதைக் கழட்டி எறிஞ்சிட்டு ஓட்டையில போல்ட் போட்டு முடுக்கிட்டேன்."

"எதுக்கு?"

"அழுக்கோட உள்ளே விடறதுக்கு பில்டர் எதுக்கும்மா? நான் மாட்டினா ஒரு பொட்டுக் கசடு உள்ளே போகக் கூடாது."

நாச்சியம்மை ஸ்பிரிங்கை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை புல்லெல்லாம் உறைபனி. பஸ் வருவதற்குள் கொட்டிலைச் சுத்தமாக அள்ளிவிட வேண்டும் என்று பொன்னுரங்கம் பறந்தார். மகன் வந்து பார்க்கும்போது இடம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

குளிரில் எண்ணெய் பாகாய் இறுகியிருந்தது. குழாய்களில் தங்கியிருந்த பழைய கசடு வேறு, முந்தின நாள் ஓட்டிப் பார்த்ததிலேயே பில்டர் முழுக்க அப்பியிருந்தது. அவர் வண்டி சூடாகக்கூட விடவில்லை. ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்சிலேட்டரைக் கொடுத்தார்.

டமாரென்று ஒரு சத்தம். பில்டர் டப்பா வாய் பிளந்து, எண்ணெய் பீறிட்டு அவர் முகத்திலும் மார்பிலும் அடித்தது. தடவித் தடவி அவர் சாவியைத் திருப்புவதற்குள் ஊற்றிய புது எண்ணெயில் முக்கால்வாசி சாணியில் கலந்துவிட்டது.

நாச்சியம்மை ஓடி வந்தார். ஒரு பழைய துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்த முரட்டு மனிதர் குழந்தைபோல் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"என்னாச்சு அண்ணே?"

"எண்ணெய்க்குப் போக வழியில்ல. வெடிச்சிருச்சும்மா."

"அழுக்கு?"

"அழுக்கு உள்ளே போகல." அவர் தரையைப் பார்த்தார். "எண்ணெயும்தான் போகல."

கீழே பஸ் ஹாரன் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் மூச்சு வாங்க மேட்டில் ஏறி வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். தோளில் ஒரு பை. ஆள் பாதியாக இளைத்திருந்தான். கேட்டில் வெறும் கொக்கிதான், பூட்டில்லை. வெளியிலிருந்தே தூக்கலாம். ஆனாலும் தனபால் அதைத் தொடவில்லை.

பொன்னுரங்கம் எழுந்து போனார். குருவும் பின்னால் போனார்.

தகப்பனைப் பார்த்ததும் தனபாலுக்கு முகம் மாறியது.

"அப்பா, கண்ணுல பட்டுருச்சா?"

அம்மா சாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் பொன்னுரங்கம் வந்திருந்தார். இத்தனை நாள் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கி வைத்திருந்த கேள்வி. ஆனால் கை சட்டைப் பைக்குப் போனது. உள்ளே அந்த ஸ்பிரிங் தட்டுப்பட்டது. அவர் குருவின் பக்கம் திரும்பி, மகனுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னார்.

"நெஞ்சுல கல்லு மாதிரி நிக்குதும்மா. அது கரையாம இவனை எப்படி உள்ளே விடறது?"

"அது இன்னைக்குக் கரையாது அண்ணே" என்றார் நாச்சியம்மை. "அதுக்குத்தான் அந்தச் சின்ன வால்வு."

பொன்னுரங்கம் எண்ணெய்க் கையோடேயே கொக்கியைத் தூக்கினார்.