செருப்பின் மேல் படுக்கும் மிளகு

"அம்மா, நாய்க்குட்டியைத் திருப்பிக் குடுத்திரலாம்னு இருக்கேன்."

வந்து உட்காரும் முன்பே மாசிலாமணி சொல்லிவிட்டார்.

ஆற்றங்கரை மடத்துக் கூடத்தில் குருவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் மாசிலாமணியைவிடப் பத்து வருஷமாவது இளையவர். ஆனாலும் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அந்த அண்ணாச்சி, மனதில் எது உறுத்தினாலும் அவரிடம்தான் வருவார். ஞானம் வேண்டும் என்று ஆரம்பத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் வீட்டு விவகாரம்தான் அதிகம்.

"கடிச்சிருச்சா அண்ணாச்சி?"

"கடிக்கவா? மிளகுக்கு அந்த வித்தையே தெரியாது. கூரியர்க்காரன் வந்தா மல்லாந்து படுத்து வயித்தைக் காட்டும். திருடன் வந்தாக்கூட பீரோ இருக்கிற இடத்தைக் காட்டிக் குடுத்திரும்."

"பின்னே?"

"எங்கள்ல ஒருத்தர் வெளிய போனாக்கூட ஊளை. தெரு முழுக்கக் கேக்கு. அடுத்த வீட்டு டீச்சர் வந்து சண்டை போட்டுட்டுப் போயிட்டாங்க. தேக்குக் கதவைப் பிறாண்டி வச்சிருக்கு."

"வீட்டுல இருக்கும்போது?"

"அப்பவும் நிம்மதி கிடையாது. ஒருத்தர் தண்ணி குடிக்க எழுந்தா அதுவும் எழுந்திரும். படுக்கிறதுன்னா வாசல்ல எங்க செருப்பு மேலதான் படுக்கும். கண்ணை மூடித் தூங்கி நான் பாத்ததில்லை."

"எங்கேயிருந்து வந்த குட்டி?"

"மழைக்காலத்துல யாரோ சாக்குல போட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் விட்டுட்டுப் போயிருக்காங்க. நாய்க் காப்பகத்துக்காரங்க எடுத்துக் காப்பாத்தினாங்க. என் மக கோமதி அதை அங்க பாத்துட்டா. அப்புறம் வீட்டுல வேற பேச்சே இல்லை. கூட்டிட்டு வந்தோம்."

"இப்ப?"

"ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து விடுறதா காப்பகத்துல சொல்லிட்டேன். அதுலயிருந்து கோமதி எங்கிட்டப் பேசுறதில்லை."

அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஒரே மகள்.

குருவம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார்.

"வெளிய போகும்போது எப்படிப் போவீங்க?"

மாசிலாமணியின் முகம் தெளிந்தது. அது அவருடைய சொந்த யோசனை.

"உள் ரூம்ல ஒரு பிஸ்கட்டைப் போட்டிருவேன். அது அங்க ஓடும். நாங்க மூணு பேரும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுப் புறவாசல் வழியா நழுவிருவோம். பூட்டுற சத்தம்கூடக் கேக்காது."

"சரிதான்."

"கோமதி சின்னப் பிள்ளையா இருக்கையிலயும் இப்படித்தான். முறுக்கைக் கையில குடுத்துட்டு நைசா கடைக்குப் போயிருவேன். சொல்லிட்டா போக முடியும்? காலைக் கட்டிக்கிடுவா."

"இப்ப சொல்லிட்டுப் போறீங்களா?"

"இப்ப என்னம்மா சொல்ல? வளர்ந்த பிள்ளை. அப்பா கடைக்குத்தான் போவார்னு தெரியாதா?"

குருவம்மா உள்ளே போய் ஒரு தட்டில் சுண்டல் கொண்டுவந்து வைத்தார்.

சுண்டல் நன்றாக இருந்தது. தேங்காய் தாராளம். மாசிலாமணி குனிந்து ரசித்துச் சாப்பிட்டார்.

நிமிர்ந்தபோது எதிரே கீரைதான் இருந்தது.

உள்ளே போயிருப்பார் என்று நினைத்தார். காத்திருந்தார்.

"அம்மா?"

அடுக்களையை எட்டிப் பார்த்தார். கிணற்றடியைப் பார்த்தார். கூடத்து மூலையில் கிடந்த குருவம்மாவின் செருப்பையும் காணோம்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். எழுந்தார். மிச்சச் சுண்டலைத் தள்ளி வைத்தார்.

தான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். திருடனைப் பற்றிச் சொன்னது பிடிக்கவில்லையோ? மடத்துக்கு வந்து நாய்க் கதை பேசியதில் வருத்தமோ? இனி வராதே என்பதை இப்படித்தான் சொல்வார்களோ?

நேரம் போகப் போக அவருக்குப் பயமாகவே இருந்தது. கடையில் ஒரு அதட்டுப் போட்டால் வேலையாட்கள் நடுங்குகிற மனுஷன், மடத்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதையையே பார்த்து நின்றார்.

வெயில் சாய்ந்த பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

குருவம்மா புறவாசல் வழியாக வந்துகொண்டிருந்தார். செருப்பைக் கையில் வைத்திருந்தார்.

"எங்கம்மா போயிட்டீங்க?"

குருவிடம் பேசுகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

"ஆத்துக்கு."

"ஆத்துக்குப் போங்க, அமெரிக்காவுக்குப் போங்க. இங்க ஒரு மனுஷன் உக்காந்திருக்கேன்லா? போயிட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன..."

அவர் பார்வை குருவம்மா கையிலிருந்த செருப்பில் நின்றது.

குருவம்மா செருப்பை மூலையில் போட்டுவிட்டு, கீரைக்கு முன்னால் பழையபடி உட்கார்ந்தார்.

"உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் சுண்டல் வைக்கட்டுமா?"

"வேண்டாம்மா."

"தண்ணியாவது குடிங்க."

குருவம்மா எழுந்தார்.

மாசிலாமணியும் எழுந்தார்.

குருவம்மா அவரைப் பார்த்தார். மாசிலாமணி மெதுவாக உட்கார்ந்தார்.

*

மறுநாள் காலை அவர் பிஸ்கட் டப்பாவைத் தொடவில்லை. நேராக முன்வாசலுக்கு வந்தார். மிளகு செருப்பின் மேல் படுத்திருந்தது. கண் திறந்திருந்தது.

அடுத்த வீட்டு டீச்சர் வெளியே நிற்கிறாரா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, செருப்பை மெதுவாக உருவிக்கொண்டு சொன்னார்.

"மிளகு, கடைக்குப் போயிட்டு வாரேன்."

கதவைச் சாத்தியதும் ஊளை ஆரம்பித்தது.

தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தார். "வந்துட்டேன்."

மறுபடி சொன்னார். பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பி வந்தார். "வந்துட்டேன்."

"என்ன, சாவியை மறந்துட்டீங்களா?" என்றாள் மனைவி சொர்ணம் ஜன்னல் வழியாக.

"ஆமா, ஆமா."

அன்று கடை திறக்க ரொம்ப நேரமாகிவிட்டது.

வாரம் முழுக்க இதே வேலை. ஊளை ஒரேயடியாக நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. டீச்சர் முறைத்தார், ஆனால் சண்டைக்கு வரவில்லை. கோமதி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை காப்பகத்திலிருந்து போன் வந்தது.

"சார், குட்டியை எப்பக் கொண்டு வாரீங்க?"

"இல்லம்மா. அது எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். குனிந்தார்.

"மிளகு, போயிட்டு வாரேன்."

மிளகு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு தானாகவே எழுந்து செருப்பை விட்டு இறங்கி, சுவரோரம் போய்ச் சுருண்டுகொண்டது. கண்ணை மூடியது.

மாசிலாமணி ஒரு செருப்பை மாட்டினார்.

"மிளகுகிட்ட மட்டும்தான் சொல்லுவீங்களாப்பா?"

திரும்பிப் பார்த்தார். நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு கோமதி நின்றிருந்தாள்.

மாசிலாமணி மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள், கோமதியிடம் போனார்.