பொத்தான் ஏறாத அங்கி

இஸ்தான்புல் அரண்மனையில் பெருநாள் காலை. ஊரே சுல்தானைப் பார்க்க வாசலில் நிற்கிறது. சுல்தானோ உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்! தங்கச் சரிகையில் பூப்போட்ட புது அங்கி. தோளில் பிரமாதம், முதுகில் பிரமாதம். வயிற்றில் மட்டும் பொத்தான் காஜாவுக்குக் கிட்டவே வரவில்லை.

தைத்தவர் அரண்மனைத் தையற்காரர் ஹகோப். அவர்மேல் என்ன தப்பு? சுல்தானின் திருமேனியில் அளவு நாடா படக்கூடாது என்பது அரண்மனைச் சம்பிரதாயம். போன வருஷத்து அங்கியை வைத்துத்தான் புதிதை வெட்டவேண்டும். அப்படித்தான் வெட்டினார். அங்கி போன வருஷத்து அளவு. வயிறு இந்த வருஷத்து அளவு. இதை யார் வாயைத் திறந்து சொல்வது?

உடையறை அதிகாரி பெஹ்ராம் பாஷாவுக்கு ஒரே கொண்டாட்டம். ஹகோப்பைத் துரத்திவிட்டுத் தன் மச்சினனை அங்கே உட்காரவைக்கத் துடிப்பவர் அல்லவா!

“இவன் துணியைத் திருடியிருக்கிறான், சுல்தானே! இல்லாவிட்டால் அங்கி எப்படிச் சிறிதாகும்?”

சுல்தான் கொதித்தார். “இந்த அங்கி எனக்குப் பற்றாமல் போகக் காரணமான கை எதுவோ, அதை வெட்டுங்கள்!”

பாவம், ஹகோப் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவையில் ஃபெரிதூன் என்றொரு குறும்புக்காரர். சுல்தானுக்குச் செல்லம். அவர் முன்னால் வந்தார். “அந்தக் கை எனக்குத் தெரியும், சுல்தானே. இதோ பிடித்து வருகிறேன்!”

ஓடினார். திரும்பும்போது கூடவே அரண்மனை இனிப்புக்காரர், கையில் ஒரு தட்டு பக்லவா. நெய்யும் பிஸ்தாவும் தேன்பாகுமாக அறையே மணத்தது.

“இந்தக் கைதான்!” என்றார் ஃபெரிதூன்.

“இவன் ஊசியைத் தொட்டதே இல்லையே!” என்று பாஷா சீறினார்.

“ஊசி எதற்கு, பாஷா? வருஷம் பூராவும் இந்தத் தட்டு யார் அறைக்குப் போகிறது என்று கேளுங்களேன்.”

சுல்தானுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. ஆனாலும் மணம் விடுமா? ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ஐயையோ, இந்தக் கையையா வெட்டுவது? அப்புறம் பக்லவாவுக்கு நான் எங்கே போவேன்? விடு, விடு!”

“அதுவும் நியாயம்தான்,” என்றார் ஃபெரிதூன். “இவர் செய்ததோடு சரி. தட்டிலிருந்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோன கை வேறு. நிஜக் குற்றவாளி அதுதானே? உத்தரவு கொடுத்தால் அதையே...”

பாகு வழியும் தன் வலது கையைச் சுல்தான் பார்த்தார். சத்தம் போடாமல் அதை அங்கியின் நீளக் கைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டார்.

பிறகு சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு! கஷ்டப்பட்டுப் பூட்டியிருந்த மற்றப் பொத்தான்களும் தெறித்து ஓடின. பாஷா அவற்றைப் பொறுக்கக் குனிந்தார். ஃபெரிதூனுக்கு அங்கேயே ஒரு பட்டு அங்கி பரிசு.

உயிர் வந்த ஹகோப் எழுந்து கேட்டார். “பக்கவாட்டில் துணி கொடுத்துத் தைத்துவிடுகிறேன், சுல்தானே. ஒரு சாண் போதுமா?”

“இரண்டாகவே கொடு,” என்றார் சுல்தான். “தட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது!”