கரையாத பூச்சு

“எதுக்கு மேடம் கரையணும்?” என்று கேட்டார் சவரிமுத்து.

மெய்யம்மை நிமிர்ந்து பார்த்தாள்.

சவரிமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இரும்புப் பாலங்களுக்குப் பெயிண்ட் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் இருந்துவிட்டு, மெய்யம்மையின் லேபுக்குப் படிக்க வந்தவர். அவளுக்கு முப்பத்தாறுதான்.

உடைந்த எலும்பில் முடுக்கும் ஸ்க்ரூவுக்கு அங்கே ஒரு பூச்சு செய்துகொண்டிருந்தார்கள். கடற்பாறையைக் கவ்வியிருக்கும் சிப்பியின் பசையைப் பார்த்துச் செய்தது. உள்ளே கிருமியைக் கொல்லும் மருந்து. ஆறு வாரத்தில் பூச்சு முழுக்கக் கரைந்துவிடும்.

அதுதான் அவரைத் தூங்கவிடவில்லை.

“சிப்பி பாறையை விடுதா? நாம மட்டும் ஏன் விடணும்? வெள்ளைச்சாமிக்கு ரெண்டு தடவை கால்ல சீழ் வெச்சிருச்சு. மூணாவது தடவை வந்தா காலை எடுத்துருவாங்க. ஆறு வாரத்துக்கு அப்புறம் அவருக்கு யாரு காவல்?”

வெள்ளைச்சாமி லாரி ஓட்டுநர். இந்த ஸ்க்ரூவுக்காகக் காத்திருப்பவர்.

“கரையாததா ஒண்ணு செய்யுங்க சார்,” என்றாள் மெய்யம்மை.

செய்தார். ஒன்பது நாள் வீட்டுக்குச் சரியாகப் போகாமல் செய்தார்.

கால்நடை மருத்துவமனையில் ஓர் ஆட்டின் ஒரு காலில் அவருடைய ஸ்க்ரூ. மறுகாலில் அவளுடையது.

வாரம் தவறாமல் போய் ஆட்டைப் பார்த்தார். அது மெல்ல நடந்தால் பயந்தார். ஓடினாலும் பயந்தார்.

நான்கு மாதம் கழித்து மெய்யம்மை ஸ்க்ரூவோடு வெட்டியெடுத்த ஆட்டின் இரண்டு எலும்புத் துண்டுகளை மேசைமேல் வைத்தாள். எது யாருடையது என்று எழுதியிருக்கவில்லை.

திருப்புளியை நீட்டினாள். “கழட்டுங்க.”

முதல் ஸ்க்ரூ அரைச் சுற்றிலேயே தளர்ந்தது. விரலால் எடுத்துவிட்டார்.

இரண்டாவது அசையவில்லை.

எழுந்து நின்று, தோளைக் கொடுத்து முறுக்கினார். திருப்புளி வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. துடைத்துக்கொண்டு மறுபடி முறுக்கினார். எலும்பு விரிசல் விட்டது. ஸ்க்ரூ விடவில்லை.

மூச்சு வாங்கச் சிரித்தார். “இது நம்மளுது மேடம்.”

மெய்யம்மை முதல் ஸ்க்ரூவை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். நாற்காலியை அவருக்கு விட்டு நகர்ந்தாள்.

குனிந்து பார்த்தார்.

அவருடைய பூச்சுதான். நான்கு மாதத்துக்குப் பிறகும் ஒரு கீறல் இல்லை. பளபளவென்று இருந்தது. அதன்மேல் எலும்பின் ஒரு துணுக்குகூட ஒட்டியிருக்கவில்லை.

தலையைத் தூக்கி, விரிசல் விட்ட மற்ற எலும்பை எடுத்துப் பார்த்தார். பூச்சு கரைந்த இடமெல்லாம் எலும்பு வளர்ந்து ஸ்க்ரூவைக் கவ்வியிருந்தது.

பிறகு கேட்டார்:

“எலும்பு எத்தனையாவது நாள் வந்து பிடிக்கும் மேடம்?”